அமானத்தைக் காத்த காயிதே மில்லத்

1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இந்த எளியேன் அப்போது குர்ஆன் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். எங்கள் ஆனைமலையில் அன்று மஃரிபு தொழுகைக்குப் பின் யாரும் பள்ளிவாசலை விட்டு எழுந்து போகவில்லை. தேங்காய் மண்டியிலிருந்து வேலை உடுப்போடு வந்தவர்களும், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பியவர்களும் அப்படியே உட்கார்ந்து யாஸீன் ஓதினார்கள். சென்னையில் ஒரு பெரியவர் வபாத்தாகிவிட்டார் என்று அத்தா சொன்னார்கள். அப்படியானால் ஜனாஸாத் தொழுகை ஏன் தொழவில்லை என்று கேட்டேன். நாம் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள், நம்மிடத்தில் காயிப் ஜனாஸா இல்லை, ஓதி துஆச் செய்வதே வழக்கம் என்று ஹஸ்ரத் அவர்கள் விளக்கினார்கள். மறைந்தவர் நம் ஊர்க்காரரா, உறவினரா என்று மீண்டும் கேட்டேன். இரண்டும் இல்லை, ஆனால் நம் எல்லோருக்கும் வலியாக நின்றவர் என்று அத்தா சொன்னார்கள். வலி என்றால் பொறுப்பேற்றுக் காப்பவர் என்ற பொருள் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெரியவர்தாம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்க்கையை இப்போது எழுத வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. தேர்தல் நெருங்கிய ஒரு சமயம் எங்கள் பள்ளிவாசல் ஹவுளுக்கருகே ஒரு வாலிபர் என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிள்ளை, ஸுப்ஹு தவறாதவர். ஓட்டுப் போடுவது ஹராம், மனிதர் இயற்றிய சட்டத்தை ஏற்பது ஈமானுக்கே ஊறு என்று எங்கோ கேட்டு வந்திருந்தார். காயிதே மில்லத் அவர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தார்களே என்றேன். அவர்கள் அரசியல்வாதி, ஆலிம் அல்லரே என்றார். அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை.

அடிப்படைவாதம் என்ற சொல்லை இக்காலத்தில் அடிக்கடி கேட்கிறோம். நமக்கு அடிப்படை என்றால் கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்ஜு ஆகிய ஐந்தே. அவற்றைப் பற்றி நிற்பவர் யாரும் பிறருக்குக் கேடு செய்பவர் அல்லர். இந்தச் சொல்லே நம்மிடம் பிறந்ததன்று. 1910க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலர் வெளியிட்ட நூல் வரிசையின் பெயரிலிருந்து கிளம்பியது. ஆனால் பெயர் எங்கிருந்து வந்தாலும், அது குறிக்கும் நோய் எல்லா மதத்தாரிடமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தான் கொண்ட விளக்கம் ஒன்றே மார்க்கம், அதற்கு வெளியே நிற்பவன் பகைவன், அரசாங்கத்தையும் அண்டை வீட்டுக்காரனையும் அதற்குள் அடைத்தே தீரவேண்டும் என்று எண்ணுவதே அந்த நோய். நம் வரலாற்றில் இதை முதலில் கொண்டவர்கள் காரிஜிய்யாக்கள். ஸிஃப்பீன் போருக்குப் பின் நடுவர் வைத்துச் சமாதானம் பேச இசைந்ததற்காக ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களையே காபிர் என்றார்கள். இரவெல்லாம் நின்று வணங்கியவர்கள்தாம் அவர்கள். இறுதியில் கி.பி. 661இல் கூஃபாவில் அலீ (ரலி) அவர்களின் உயிரைப் பறித்தது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனின் வாளே.

காயிதே மில்லத் அவர்கள் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மௌலவி கே.டி. மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்கக் கல்வி உடையவர், வணிகரும் ஆவார். மகன் சிறு பிராயத்தில் இருக்கும்போதே தந்தையார் இறையடி சேர்ந்தார்கள். ஓதிக்கொடுத்து வளர்த்தவர் தாயார். ஆலிம் வீட்டுப் பிள்ளை என்பதை நினைவில் வையுங்கள். ஹவுளருகே அந்த வாலிபர் சொன்னதற்கு முதல் மறுமொழி அங்கேயே இருக்கிறது. 1909இல், பதின்மூன்று வயதில், பேட்டையில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1918இல் ஆலிம்களை ஒன்று சேர்க்கும் மஜ்லிஸுல் உலமா அமைவதற்கும் துணை நின்றார்கள்.

படித்த இடங்களைப் பாருங்கள். நெல்லை இந்துக் கல்லூரி, திருச்சி தூய வளனார் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. ஒரு மௌலவியின் மகன் இந்துக்கள் நடத்திய கல்லூரியிலும் பாதிரிமார்கள் நடத்திய கல்லூரிகளிலும் பயின்றும், தொழுகையோ தோற்றமோ மாறவில்லை. பிற சமயத்தார் நடுவே இருந்தால் ஈமான் கரைந்துவிடும் என்று அஞ்சுகிற பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஈமானை ஊட்டிய முறையில்தான் குறை இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

1920இல் ஒத்துழையாமை இயக்கமும் கிலாஃபத் கிளர்ச்சியும் ஒருசேர எழுந்தபோது, பி.ஏ. தேர்வை எழுதாமல் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். புகழ்பெற்ற வணிகப் பெருமகனார் ஜமால் முஹம்மது அவர்களின் குடும்பத்தில் மணம் முடித்தார்கள். ஜமால் மியாகான் என்று ஒரே மகன். வணிகத்தில் இன்னும் நிலைத்து நின்றிருந்தால் பெரும் செல்வராக வாழ்ந்திருக்கலாம். பொதுவாழ்வு அதற்கு விடவில்லை.

முஸ்லிம் லீகில் சேர்ந்து, 1945இல் சென்னை மாகாண லீகின் தலைவரானார்கள். 1946 தேர்தலில் லீக் மாகாணச் சட்டசபையில் 28 இடங்களைப் பெற்றது. காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுவே ஆனதால், அன்னார் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்கள். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் அதில் அடக்கம். எங்கள் ஆனைமலையிலிருந்து மேற்கே போனால் பாலக்காடு. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ராஜ்ஜியம். பாலக்காட்டுக்கு அப்பால் மாப்பிள்ளைமார் வாழும் ஏறநாடு. பின்னாளில் அன்னாரைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சீமைதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்த கட்சி லீக். அதன் மாகாணத் தலைவராக இருந்தவர் காயிதே மில்லத். தென்னாட்டு முஸ்லிம்கள் அந்தக் கோரிக்கைக்கு ஆதரவாகவே 1946இல் வாக்களித்தார்கள். ஆனால் பிரிந்த நாட்டில் அவர்களுக்கு ஓர் அங்குல மண்ணும் இல்லை. திருநெல்வேலியும் கோயமுத்தூரும் மலபாரும் எந்தக் கணக்கிலும் பாகிஸ்தானில் சேரப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று இளைஞர்கள் கேட்டால், தலைகுனியாமல் விடை சொல்வது கடினம். சமயத்தின் பெயரால் நாட்டைக் கூறுபோட்ட அந்த அரசியலின் சுமை 1947க்குப் பின் இங்கே தங்கிவிட்ட ஏழை எளியவர் தலைமேல் விழுந்தது. அந்தச் சுமையை விட்டு ஓடிப்போகாமல், தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே காயிதே மில்லத்தின் பெருமை என்று நான் எண்ணுகிறேன். 1947க்கு முந்திய அரசியலுக்காக நான் அன்னாரைப் புகழ வரவில்லை.

1947 டிசம்பர் மாதத்தில் அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில் கராச்சியில் கூடியது. இரண்டு நாடுகளுக்கும் லீக் தனித்தனியே பிரிக்கப்பட்டது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர்; இந்தியப் பகுதிக்கு நம் இஸ்மாயில் சாஹிப். அங்கேயே தங்கிவிட்ட வடநாட்டுத் தலைவர்கள் பலர். அன்னாரோ சென்னைக்குத் திரும்பினார்கள். இந்தியாவில் உள்ள முஸ்லிம்களுக்குத் தொல்லை நேர்ந்தால் உதவுவோம் என்று கராச்சியில் ஒரு பேச்சு எழுந்ததாகவும், எங்கள் காரியத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம், உங்கள் நாட்டுச் சிறுபான்மையினரை நீங்கள் நன்றாக வைத்திருங்கள் என்று அன்னார் விடையிறுத்ததாகவும் நம் மேடைகளில் சொல்வதுண்டு. திரும்பி வந்த செய்தி மட்டும் எழுத்தில் பதிந்த வரலாறு.

திரும்பி வந்த நேரம் எப்படிப்பட்டது! பஞ்சாபிலும் டில்லியிலும் இரத்த ஆறு. 1948 ஜனவரி 30இல் காந்தியடிகளை ஓர் இந்துமத வெறியன் சுட்டுக் கொன்றான். இனி மதத்தின் பெயரால் எந்தக் கட்சியும் வேண்டாம் என்ற எண்ணம் நாடெங்கும் ஓங்கியது. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள் 1947 டிசம்பர் இறுதியில் லக்னோவில் மாநாடு கூட்டி, முஸ்லிம்கள் தனி அரசியல் அமைப்பைக் கைவிட்டுப் பொதுக்கட்சியில் சேரவேண்டும் என்று வழிகாட்டினார்கள். குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய பேரறிஞர் அவர். அவரும் தீனை அறிந்தவர். காயிதே மில்லத்தும் தீனை அறிந்தவர். முடிவு மட்டும் வேறுபட்டது. இருவரில் ஒருவரை ஈமான் குறைந்தவர் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை அரசினர் தோட்டத்தில், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் மாளிகையில், இந்தியப் பகுதிக் கவுன்சில் கூடியது. வந்தவர் தொகை மிகக் குறைவு. பெரும்பாலோர் சென்னையும் மலபாரும் சார்ந்தவர்கள். கலைத்துவிடுவோம் என்று சிலர் வாதாடினர். தொடர்ந்து நடத்துவதென்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. அன்னார் அதன் தலைவரானார்கள். அடுத்த மாதமே, ஏப்ரல் 3இல், சமயச் சார்புள்ள அமைப்புகளை அரசியலில் அனுமதிக்கலாகாது என்று அனந்தசயனம் ஐயங்கார் கொண்டுவந்த தீர்மானத்தை டில்லிச் சபை ஏற்றது. வடநாட்டில் லீக் அமைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்நிலையில் வீட்டை விட்டு வெளியே தொப்பி அணிந்து நடப்பதற்கே துணிவு வேண்டும்.

அரசியல் நிர்ணய சபைக்கு அன்னார் உறுப்பினராகச் சென்றார்கள். 1948 நவம்பர் 23ஆம் நாள் பொதுச் சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. தமக்கெனத் தனிச்சட்டம் உடைய எந்தச் சமுதாயமும் அதைக் கைவிட வற்புறுத்தப்படலாகாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. எந்தச் சமுதாயத்துக்கும் என்று கேட்டார்கள். டாக்டர் அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. ஆயினும் எதிர்கால நாடாளுமன்றம் விரும்புவோருக்கு மட்டும் அச்சட்டம் பொருந்தும்படி செய்யலாம் என்ற கருத்தையும் அன்று தெரிவித்தார். திருத்தம் தோற்றது.

1949 மே மாதத்தில் சிறுபான்மையினருக்குரிய ஒதுக்கீட்டு இடங்களை நீக்கும் பிரச்சினை வந்தது. ஒதுக்கீடும் தனித்தொகுதியும் நீடிக்க வேண்டும் என்று அன்னார் வாதாடினார்கள். சர்தார் படேல் கடுமையாக மறுத்தார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் ஐஜாஸ் ரசூல் போன்றோர் தனித்தொகுதி கூடாது என்றனர். இதிலும் தோல்வி. இந்த ஒரு விஷயத்தில் பேகம் சாஹிபா சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது. முஸ்லிமுக்கு முஸ்லிம் மட்டுமே ஓட்டளிக்கும் முறை நீடித்திருந்தால், பக்கத்து வீட்டுக் கவுண்டரும் செட்டியாரும் நம் வாசல்படி ஏறி ஓட்டுக் கேட்கும் அவசியமே இருந்திருக்காது. நாமும் அவர்கள் வாசலுக்குப் போயிருக்கமாட்டோம். எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்குப் பாதை வசதி செய்துகொடுக்க முன்னின்ற பஞ்சாயத்துத் தலைவர் முஸ்லிம் அல்லர் என்பதைச் சொன்னால் போதும்.

சரி, இரண்டிலும் தோற்றார்கள். அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதே பார்க்க வேண்டியது. எங்கள் சொல் ஏறவில்லை, எனவே இந்தச் சட்டம் எங்களுடையதன்று என்று சபையை விட்டு வெளியேறி, மக்களைத் தூண்டிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்தோர் உலகில் பலர். காயிதே மில்லத் அவர்கள் சட்டம் நிறைவேறிய பின் அதன்படியே நடந்தார்கள். மதச் சுதந்திரமும் சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையும் 25 முதல் 30 வரையுள்ள பிரிவுகளில் கிடைத்திருந்தன. கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். கிடைக்காததைச் சபையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்று மக்களவையிலும் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் செய்தே அமர்ந்தார்கள். கொடுத்த வாக்கு அமானத். அமானத்தை முறிப்பது முனாபிக்கின் அடையாளம் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும்.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6இல் நாயகம் (ஸல்) அவர்கள் மக்கத்துக் குறைஷிகளோடு உடன்படிக்கை எழுதியபோது, அதில் அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லையே எதிர்தரப்பார் ஏற்கவில்லை. அந்தச் சொல்லை நீக்கி எழுத நாயகம் (ஸல்) இசைந்தார்கள். அந்நேரமே விலங்கோடு தப்பி வந்த அபூஜந்தல் (ரலி) அவர்களை, ஒப்பந்தப்படி, மனம் நொந்த நிலையிலும் திருப்பி அனுப்பினார்கள். உமர் (ரலி) போன்றவர்களுக்கே அது பொறுக்கவில்லை. ஆனாலும் வாக்கு காக்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதாரோடு செய்த உடன்பாட்டை மதிப்பது ஈமானுக்கு ஊறு என்று சொல்பவர், ஹுதைபிய்யாவை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

மொழிப் பிரச்சினை 1949 செப்டம்பரில் சபைக்கு வந்தபோது அன்னார் இந்துஸ்தானியை ஆதரித்தே பேசினார்கள். ஆனால் தொன்மைதான் அளவுகோல் என்றால் இந்நாட்டு மொழிகளுள் மூத்தவை திராவிட மொழிகள், அவற்றுள்ளும் தமிழ் என்று டில்லியில் எடுத்துரைத்தார்கள். நம் பேச்சாளர் சிலர் இதைப் பெரிதாக்கி, தமிழையே ஆட்சிமொழியாக்கக் கோரினார்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். தமிழ் பேசும் முஸ்லிமுக்குத் தமிழ் அயல்மொழி அன்று என்று தலைநகரில் ஒரு தொப்பிக்காரர் நின்று சொன்னதே பெரிய காரியம்.

தமிழ்நாட்டுக்காரரான அன்னாரை மக்களவைக்கு அனுப்பியது கேரளத்து மஞ்சேரித் தொகுதி. பிரச்சாரத்துக்கென்று அதிகம் அலையாமலே மூன்று முறையும் வென்றார்கள். மலையாளிகள் தங்கள் தங்ஙள்மாரைப் போலவே இந்தத் திருநெல்வேலி ராவுத்தரையும் மதித்தார்கள். அங்கே பாஃபக்கி தங்ஙள், சீதி சாஹிப், போக்கர் சாஹிப் போன்றோர் கட்சியை ஊர்தோறும் பள்ளிக்கூடம், மதரஸா, அநாதை நிலையம் என்று வேரூன்றச் செய்தார்கள். 1960இல் காங்கிரஸ் கூட்டணிக்கு லீக் துணை நின்றது. ஆனால் மந்திரிசபையில் இடம் தரக் காங்கிரஸ் கூசியது. சபாநாயகர் பதவி மட்டும் சீதி சாஹிபுக்குக் கிடைத்தது. 1961இல் அவர் மறைந்தபின் அப்பதவிக்கு வந்த சி.எச். முஹம்மது கோயா கட்சி உறுப்பினர் பதவியையே விடவேண்டியிருந்தது. ஆறே ஆண்டில், 1967இல், நம்பூதிரிப்பாடு தலைமையில் அமைந்த மந்திரிசபையில் அதே கோயா சாஹிப் கல்வி மந்திரி. அவ்வாண்டே தமிழ்நாட்டில் அண்ணா தலைமையில் அமைந்த கூட்டணியிலும் லீக் இருந்தது. ராஜாஜியும் அதே அணியில். கடவுள் மறுப்பாளரும், கம்யூனிஸ்டும், பிராமணப் பெரியவரும், மௌலவி மகனும் ஒரே பக்கம்! மார்க்க விஷயத்தில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காதவர் ஊர் விஷயத்தில் எல்லாரோடும் அமரமுடியும் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்.

1962இல் சீனா படையெடுத்தபோது, தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்ப முன்வந்ததாக அன்னாரின் வரலாற்றை எழுதியோர் அனைவரும் குறிக்கின்றனர். 1965இல் பாகிஸ்தானோடு போர் மூண்டபோதும் அன்னாரின் நிலை இந்நாட்டின் பக்கமே. விசுவாசத்தை நிரூபிக்க ஒரு சமுதாயத்தை மட்டும் அடிக்கடி கேட்பது நீதியா என்று நாம் கேட்கலாம். நீதி அன்றுதான். அன்னார் கேட்கும் முன்பே தந்துவிட்டார்கள்.

எளிமையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. குரோம்பேட்டையில் சாதாரண வாழ்க்கை. ஷெர்வானியும் தொப்பியும் தாடியும். பதவிக்கு ஆசைப்படாத மனம். 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் எழுந்த காலத்தில், சமுதாயம் கல்விக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்ன தலைவர்களுள் அன்னாரும் ஒருவர். அந்தக் கல்லூரிகளில் படித்து ஆளான கோவை மாவட்டத்துப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் அல்லர்.

அன்னார் மறைந்தபின் காலம் மாறியது. 1980இல் தமிழ்நாட்டில் இந்து முன்னணி தோன்றியது. 1981இல் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவியது வடநாடு வரை அரசியலாக்கப்பட்டது. 1985இல் ஷா பானு தீர்ப்பு. 1986 பிப்ரவரியில் அயோத்திப் பள்ளிவாசலின் பூட்டு திறப்பு. அதே ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டம். இரு தரப்பு உணர்ச்சிக்கும் மாறி மாறித் தீனி போட்ட அரசியல் 1992 டிசம்பர் 6இல் பாபரி மஸ்ஜிதை இடித்ததில் போய் முடிந்தது. அந்தத் துக்கத்தை வழிநடத்த, சட்டத்தின் பாதையில் நின்று அழுது தீர்க்க, காயிதே மில்லத் போன்ற ஒருவர் இல்லை. கோபம் கொண்ட வாலிபர்களுக்கு வேறு ஆசான்கள் கிடைத்தார்கள்.

கோவையில் நடந்ததை எங்கள் வட்டாரத்தார் மறக்கமுடியாது. 1997 நவம்பர் 29இல் ஒரு போக்குவரத்துக் காவலரை முஸ்லிம் வாலிபர்கள் குத்திக் கொன்றார்கள். அடுத்த இரண்டு நாளில் கலவரமும் துப்பாக்கிச் சூடும். முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர், கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14இல், அத்வானி பேசவிருந்த தேர்தல் கூட்டத்தையொட்டி, அல்-உம்மாக்காரர்கள் வைத்த குண்டுகள் நகரெங்கும் வெடித்து 58 உயிர்கள் போயின. மாண்டவர்கள் அத்வானியோ அதிகாரிகளோ அல்லர். தெருவில் போனவர்கள், வியாபாரிகள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். வெடி வைத்தவர்களும் தொழுதவர்கள்தாம், அலீ (ரலி) அவர்களைக் கொன்றவன் தொழுததைப் போல. 2007இல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அந்த 158 வீடுகளிலும் தாய்மார்கள் உண்டு. கோட்டைமேட்டு முகவரி என்றால் வாடகைக்கு வீடும் வேலையும் கிடைக்காத நிலை பல ஆண்டு நீடித்தது. அந்த நாட்களில் பொள்ளாச்சிப் பேருந்தில் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனவன் நான். 1948இல் காயிதே மில்லத் அவர்கள் கழற்றாத தொப்பி அது.

தற்செயலாக அதே 1997ஆம் ஆண்டில்தான் இன்னொன்றும் நடந்தது. 1991இல் தஞ்சையிலிருந்து பிரித்த நாகை மாவட்டத்துக்கு அன்னாரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். தென்மாவட்டங்களில் பெயர் சூட்டுவதையொட்டிச் சாதிக்கலவரம் மூண்டதால், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசாங்கம் நீக்கியபோது இதுவும் போயிற்று. இதற்கு யாரும் வருந்த வேண்டியதில்லை. சென்னையில் பெண்கள் அரசுக் கலைக் கல்லூரி அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லாச் சாதி, சமயத்துப் பெண்களும் அங்கே படிக்கிறார்கள்.

ஹவுளருகே கேட்ட வாலிபரிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்ல முடியவில்லை. பல இஷாக்களுக்குப் பின் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். காரிஜிய்யாக்கள் செய்தியைச் சொன்ன இரவு அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து வந்து, ஹுதைபிய்யாவில் அபூஜந்தல் (ரலி) பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

சென்ற முறை சென்னை போனபோது அவரையும் உடன் அழைத்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குச் சென்றேன். ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் 1795இல் மரமும் இரும்பும் இன்றிக் கல்லால் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. வடநாட்டிலிருந்து வந்து இங்கே ஓதிக்கொடுத்து மறைந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பதும் அந்த வளாகத்தில்தான். 1972இல் காயிதே மில்லத் அவர்களின் ஜனாஸாவை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அஸருக்கு நேரம் இருந்தது. இருவரும் கப்ரின் அருகே நின்று ஃபாத்திஹா ஓதினோம். பிறகு ஒளூச் செய்யப் போனோம்.